கதவில் பதிந்த கை

"நான் கத்தினா எவனும் காதுல வாங்க மாட்டேங்கிறான் டீச்சரம்மா. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

"கத்தாம இருந்து பாருங்களேன்."

"மிதிச்சிட்டுப் போயிருவான்."

நஸீமா டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கதவைச் சாத்திட்டு வாங்க அண்ணாச்சி. பக்கத்து ரூம்ல பிள்ளைங்க பரீட்சை எழுதுது."

பவுன்ராஜ் சாத்தினான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"திறந்துட்டு மறுபடி சாத்துங்க."

சாத்தினான். மறுபடி அதிர்ந்தது.

"இன்னொரு தடவை."

"நான் கதவு சாத்தப் படிக்க வரலை டீச்சரம்மா!"

"தெரியுது. உக்காருங்க."

உட்கார்ந்தான். பெஞ்சும் அதிர்ந்தது.

*

பவுன்ராஜ் பழைய எக்ஸ்ரே மிஷின் வாங்கி விற்கிறவன். ஒரு ஊரில் ஆஸ்பத்திரி மூடினால் அங்கே லாரியோடு நிற்பான். இன்னொரு ஊரில் ஆஸ்பத்திரி திறந்தால் அதே லாரியோடு அங்கே நிற்பான். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம், அடிபட்டுப் படித்தது மிச்சம்.

விற்கிற பெட்டிக்குள் என்ன இருக்கிறதென்றே தெரியாமல் விற்பது கேவலம் என்று ஒருநாள் தோன்றியது. எக்ஸ்ரே டெக்னீஷியன் படிப்பு நடக்கும் இடத்துக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். பாடம் நடத்திய நஸீமா டீச்சர் அவனைவிட ரொம்பச் சின்னவர். யார் என்று கேட்டார். சொன்னான். போ என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர் டீச்சரம்மா, அவன் அண்ணாச்சி.

அன்று அவன் பாடத்துக்கு வரவில்லை.

"யார்கிட்ட கத்தினீங்க?"

"என் தங்கச்சி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி மேனேஜர்கிட்ட."

"தவமணிகிட்ட வம்பு பண்ணானா?"

"வம்பா? கொல்றான் டீச்சரம்மா. மெதுவாக் கொல்றான்."

"கொலையை அப்புறம் பேசலாம். நடந்ததைச் சொல்லுங்க."

"அவ நெஞ்சுல ஒரு பேட்ஜ் குத்தியிருப்பா. ஆள்மேல எவ்வளவு கதிர் படுதுன்னு அது காட்டும்."

"அதை எனக்கே சொல்றீங்களா?"

"கோவத்துல சொல்றேன், விடுங்க. அந்த பேட்ஜ் பரிசோதனைக்குப் போயிட்டு வந்திருக்கு. அளவுக்கு மேல பட்டிருக்காம். இவ கதவைச் சாத்திட்டு வெளியில நின்னுதான் படம் எடுக்கிறா. அப்புறம் எப்படிப் படும்? கதவுக்குள்ள கதிரை மறிக்கிற ஈயத்தகடு இல்லை. வெறும் பலகை. வேற என்ன?"

"மேனேஜர் என்ன சொல்றார்?"

"பேட்ஜைக் கழட்டி மிஷின் ரூமுக்குள்ள வச்சிட்டு டீ குடிக்கப் போயிருப்பாளாம். கதிர் பேட்ஜ்மேலதான் பட்டுச்சாம், ஆள்மேல படலையாம். அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்றான். திங்கக்கிழமை காலையில வேணுமாம். போட்டா வேலை இருக்கும். அதே கதவு, அதே இடம், அதே சாவு. போடலைன்னா வீட்டுக்குப் போ."

"போட்டாச்சா?"

"மாட்டேன்னுட்டா. என் தங்கச்சில்ல!"

"அதுக்கப்புறம் நீங்க போனீங்க."

"போனேன்."

"கத்தினீங்க."

"பின்னே, தாலாட்டா பாடுவாங்க?"

டீச்சர் டஸ்டரைக் கீழே வைத்தார்.

"என்ன கத்தினீங்களோ அதை அப்படியே சொல்லுங்க. ஒண்ணையும் விடாதீங்க."

பவுன்ராஜுக்குக் குஷியாகிவிட்டது. கையை மடக்கிக்கொண்டான்.

"நீ மனுசனாடான்னு கேட்டேன். உன் பொண்டாட்டியைக் கொண்டாந்து அந்தக் கதவுகிட்ட நிறுத்துவியாடான்னு கேட்டேன். நீ போட்டிருக்கிற சட்டை என் தங்கச்சி ரத்தம்டான்னேன். உக்காருன்னு ஒரு வார்த்தை சொல்லலை, அதையும் கேட்டேன். உன் ஜெனரேட்டர் எந்தக் காயலான் கடையில கிடந்ததுன்னு எனக்குத் தெரியும்டான்னேன். வாசல்ல பிள்ளையாருக்குப் பூ மாலை, கதவுக்கு ஈயம் கிடையாதான்னேன். அவன் போனை எடுத்தான். நான் பேசும்போது போனாடான்னு புடுங்கினேன்."

"அப்புறம்?"

"வாட்ச்மேன் வந்தான்."

"சரி. இவ்வளவுக்கும் மேனேஜருக்கு என்ன ஆச்சு?"

"அவனுக்கென்ன? தண்ணி குடிச்சான். ஏசியைக் கூட்டி வச்சான்."

"தவமணிக்கு?"

பவுன்ராஜ் மடக்கிய கையைக் கீழே இறக்கினான்.

"அண்ணாச்சி, தவமணிக்கு என்ன ஆச்சு?"

"கூட வேலை பார்த்த பிள்ளையை வேற பக்கம் மாத்திட்டான். இப்ப ரெண்டு ஷிப்டும் அவதான். எல்லாப் படமும் அவதான். இனிமே ஆஸ்பத்திரிப் பக்கம் காலெடுத்து வைக்காதண்ணேன்னு போனை வச்சுட்டா."

டீச்சர் அலமாரியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். துணியை விலக்கினார். கண்ணாடிக் குடுவை. உள்ளே ஒரு பக்கம் மெல்லிய கம்பிச் சுருள். எதிர்ப்பக்கம் ஒரு உலோகத் தட்டு. தட்டின் விளிம்பில் ஒரே இடத்தில் அம்மைத் தழும்பு மாதிரி குழி.

"நீங்க குடுத்த எக்ஸ்ரே டியூப்தான். இது எப்படிச் செத்துச்சு?"

"தட்டு சுத்தணும். சுத்தலை. ஒரே இடத்துல அடி வாங்கி உருகிருச்சு."

"எது அடிச்சுது?"

"இப்பவா பாடம்?"

"எது அடிச்சுது அண்ணாச்சி?"

"எலக்ட்ரான். கம்பியைச் சூடேத்தினா கிளம்பும். இந்தப் பக்கம் பெரிய வோல்டேஜ் வச்சு இழுத்தா தலைதெறிக்க ஓடிவரும். எதிர்க்க இந்த டங்ஸ்டன் தட்டு. மோதி நிக்கும். நிக்கும்போது எக்ஸ்ரே கிளம்பும்."

"ஓடும்போது?"

"நேரா ஓடுற வரைக்கும் ஒண்ணும் கிடையாது. மறிச்சாத்தான் கிளம்பும்." பவுன்ராஜ் பெஞ்சைத் தட்டினான். "என்னை மாதிரி! எவனாவது என்னை மறிச்சான்னா..."

"உங்களைப் பத்தி நான் கேட்கலை. மோதினதெல்லாம் எக்ஸ்ரேயா வருதா?"

"இல்லை. நூத்துல தொண்ணூத்தொன்பது வெறும் சூடு. மிச்சம் ஒண்ணுதான் கதிர்."

"அந்தச் சூடு என்ன செய்யும்?"

"ஒண்ணும் செய்யாது. டியூபைத்தான் உருக்கும்."

"எலும்பைக் காட்டுறது எது?"

"அந்த ஒண்ணு."

டீச்சர் குடுவையை அவன் பக்கம் நகர்த்தினார்.

"பொண்டாட்டி, சட்டை, ஜெனரேட்டர், பிள்ளையார், போன். இதுல அந்த ஒண்ணு எது?"

பவுன்ராஜ் வாயைத் திறந்தான். மூடினான். திறந்தான்.

"எல்லாமும்தான்!"

"அப்ப போங்க."

"என்ன, போங்க?"

"எனக்கு வேலை இருக்கு. போங்க."

பவுன்ராஜ் எழுந்தான். காது சிவந்திருந்தது. வாசல்வரை போனவனை டீச்சர் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி. ஒரு கதவுக்கு எக்ஸ்ரே எடுக்கணும்னா பிலிமை எந்தப் பக்கம் வைப்பீங்க?"

"கதவுக்கு எக்ஸ்ரே எதுக்கு? கடப்பாரை போதும்!"

இந்த முறை ஜன்னல் கண்ணாடியில் கீறல் விழுந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் ஆஸ்பத்திரிக்குப் போனான். கையில் கடப்பாரை இருந்தது. கோணிப்பையில் சுற்றியிருந்தான். ஞாயிறு மேனேஜர் வரமாட்டான். வாட்ச்மேன் சாப்பிடப் போயிருந்தான்.

எக்ஸ்ரே ரூம் வராந்தாவின் கடைசியில் இருந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு. அதில் மஞ்சள் நிறத்தில் கதிர் எச்சரிக்கை ஸ்டிக்கர். கதவுக்கு வெளியே, ஒட்டினாற்போல, மிஷினை இயக்கும் பெட்டி. அதன் முன்னால் தவமணி.

அண்ணனைப் பார்த்தாள். கோணிப்பையைப் பார்த்தாள்.

"என்னது அது?"

"நகரு தாயி. இந்தக் கதவைப் பொளந்து உள்ள என்ன இருக்குன்னு ஊருக்கே காட்டுறேன்."

"பொளந்துட்டு?"

"ஈயம் இல்லைன்னு எல்லாரும் பார்ப்பானுங்க."

"எல்லாரும் என்ன பார்ப்பாங்க? உடைஞ்ச பலகையைப் பார்ப்பாங்க. தவமணி அண்ணன் கதவை உடைச்சான், ஈயத்தைத் திருடிட்டுப் போயிட்டான்னு எழுதுவான் மேனேஜர். நீ பழைய சாமான் வியாபாரி வேற. நம்பாம இருப்பாங்களா?"

பவுன்ராஜுக்குப் பல் நறநறத்தது.

"அப்ப என்னதான்டி செய்யச் சொல்ற? நீ சாகுறதைப் பார்த்துட்டு நிக்கவா?"

"கத்தாதே."

"கத்துவேன்!"

"கத்து. நல்லாக் கத்து. அன்னைக்கும் கத்தினியே, அந்தச் சத்தம் அவன்மேலயா விழுந்துச்சு? அவனை ஒண்ணும் பண்ணலை. அவன் வழியா வந்து அந்தப் பக்கம் நின்ன என்மேல விழுந்துச்சு. ரெண்டு ஷிப்டு நிக்கிறேன். கால் ரெண்டும் தூணா வீங்கிக் கிடக்கு. ஒரு தடவையாவது நீ கத்துறதுக்கு முன்னாடி, அவனுக்குப் பின்னாடி யார் நிக்கிறான்னு பார்த்திருக்கியா?"

அவளும் கத்தித்தான் சொன்னாள். ஒரே வயிறு.

அவன் பதில் சொல்வதற்குள் சளிக்காரர் ஒருவர் வந்தார். நெஞ்சுப் படம் எடுக்க வேண்டும். தவமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை உள்ளே கூட்டிப்போனாள். கதவை ஒட்டியிருந்த ஸ்டாண்டில் நெஞ்சை வைத்து நிற்கச் சொன்னாள். ரூமின் மறுகோடியில் டியூப். ஆளின் முதுகைப் பார்த்து நின்றது. ஆளுக்கு முன்னால் ஸ்டாண்டு. ஸ்டாண்டுக்குப் பின்னால் கதவு.

வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். அது மெல்லத் திறந்துகொண்டது.

"தாழ்ப்பாள் இல்லையா?"

"உடைஞ்சு நாளாச்சு. சொல்லியாச்சு."

இடது கையைக் கதவில் வைத்து அழுத்தினாள். வலது கையில் ஸ்விட்ச்.

"மூச்சை இழுங்க. அப்படியே பிடிங்க."

உர்ரென்று ஒரு சத்தம். டக்.

"விடுங்க."

கையை எடுத்தாள். பவுன்ராஜ் அந்த இடத்தைப் பார்த்தான். பச்சைப் பெயிண்ட் தேய்ந்து, அழுக்கேறி, ஒரு உள்ளங்கை. ஐந்து விரலும் தெரிந்தது.

அவனுக்குக் கோபம் வந்தது. இதுவரை வந்த எல்லாக் கோபத்தையும்விடப் பெரியது. தொண்டைவரை வந்து நின்றது. ஆனால் வாய் திறக்கவில்லை. ஏன் என்று அவனுக்கே தெரியவில்லை.

கடப்பாரையைச் சுவரோரம் சத்தமில்லாமல் சாத்தி வைத்தான்.

சளிக்காரர் போனதும் கேட்டான்.

"தவமணி. ஒரு பிலிம் வேணும்."

"யாருக்கு?"

"இவருக்கு." கதவைக் காட்டினான். "இவருக்கு ஒரு நெஞ்சுப் படம்."

"உனக்கென்ன கிறுக்கா?"

"பிலிமை இந்தப் பக்கம் வைக்கணும். வெளிப்பக்கம். உள்ளேயிருந்து அடி. ஈயம் இருந்தா கதிர் வராது, பிலிம் வெள்ளையா இருக்கும். இல்லைன்னா..."

தவமணி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவளும் படித்தவள்தான், அவனுக்கு முன்னாலேயே படித்தவள். தினமும் அந்தக் கதவைச் சாத்துகிறாள், தினமும் படம் எடுக்கிறாள். கதவைப் படம் எடுக்கலாம் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கதவில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒட்டியிருந்ததை நம்பினாள்.

"யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. கேட்டாங்க."

அவள் வேகமாக உள்ளே போனாள். ஸ்டாண்டைத் தள்ளி நகர்த்தினாள். டியூபை நேராகக் கதவைப் பார்த்து வைத்தாள். பிலிம் போட்ட தட்டையான பெட்டியைக் கொண்டுவந்து கதவின் வெளிப்பக்கம், மேல் ஓரத்தில் மட்டும் பிளாஸ்திரி போட்டுத் தொங்கவிட்டாள். அதற்கும் கதவுக்கும் நடுவில் அலமாரிச் சாவி ஒன்றையும் ஒட்டினாள்.

"படத்துல சாவி விழுந்திருந்தா போதும். ஈயம் இல்லைன்னு அர்த்தம்."

கதவு மெல்லத் திறந்துகொண்டது.

தவமணியின் இடது கை தானாகவே நீண்டது. நினைத்து நீட்டவில்லை. கொசு அடிப்பது மாதிரி பழக்கம்.

பவுன்ராஜ் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினான்.

"நீ தள்ளிப் போ. ஸ்விட்ச் ஒயரை இழுத்துட்டு அந்தச் செங்கல் சுவருக்குப் பின்னாடி போ."

"கதவை யார் பிடிக்கிறது?"

அவன் பிடித்தான். பிலிம் பெட்டிக்கும் கதவுக்கும் நடுவில், சாவிக்குப் பக்கத்தில், அந்த உள்ளங்கை இருந்த இடத்தில், தன் இடது கையை நுழைத்து விரித்து வைத்தான்.

"கிறுக்கா! கையை எடு. கட்டையை முட்டுக் குடுப்போம். சாவி போதும்."

"சாவியைக் காட்டினா சாவின்னுதான் சொல்லுவான்."

"உன் கையில படும்ண்ணே."

"ஒரு தடவைதானே."

தவமணி சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவன் சாகும்வரை மறக்கமாட்டான்.

"ஒரு தடவைதான்" என்றாள். சுவருக்குப் பின்னால் போனாள்.

உர்ர். டக்.

பவுன்ராஜ் கையைப் பார்த்தான். சூடு இல்லை, வலி இல்லை, ஒன்றுமே இல்லை.

"இவ்வளவுதானா? ஒண்ணும் தெரியலையே."

"எனக்கும் ஒண்ணும் தெரியலை" என்றாள் அவள். "இத்தனை வருசமா."

*

திங்கட்கிழமை, வகுப்புத் தொடங்கும் முன்னால், அவன் பிலிமைக் கொண்டுபோய் டீச்சரிடம் நீட்டினான். டீச்சர் அதைப் படம் பார்க்கும் விளக்குப் பெட்டியில் செருகி சுவிட்சைப் போட்டார்.

கறுப்பு. அதில் வெள்ளையாகப் பலகையின் ஆணிகள், வரிசையாக. ஒரு சாவி. சாவிக்குப் பக்கத்தில் ஒரு கை. எலும்பு எலும்பாக. மோதிரம் தனியாக மிதந்தது. சுண்டுவிரல் எலும்பு கோணலாக ஒட்டியிருந்தது; லாரியில் மிஷின் ஏற்றும்போது நசுங்கிய விரல்.

டீச்சர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மேஜையை ஓங்கி அறைந்தார்.

"கையை வைக்கச் சொன்னது யாரு?"

"டீச்சரம்மா..."

"அறிவிருக்கா அண்ணாச்சி? மூணு மாசமா கடைசி பெஞ்சில உக்காந்து இதைத்தான் கத்துக்கிட்டீங்களா? சாவி பத்தாதா? வீரமா? யாருக்குக் காட்ட இந்த வீரம்?"

வராந்தாவில் போன பிள்ளைகள் நின்று பார்த்தார்கள்.

பவுன்ராஜுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"இப்ப நீங்கதான் கத்துறீங்க."

டீச்சர் நிறுத்தினார். மூச்சை விட்டார்.

"ஆமா. கத்துறேன். உக்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டார். "நான்தான் மேனேஜர். பேசுங்க."

பவுன்ராஜ் தொண்டையைச் செருமினான்.

"டேய், பார்த்தியாடா..."

டீச்சர் விளக்கை அணைத்தார். படம் போய்விட்டது. வெறும் கறுப்புத் தாள்.

"ஏன் அணைக்கிறீங்க?"

விளக்கைப் போட்டார். "பேசுங்க."

"சார், உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு..."

அணைந்தது.

"என் தங்கச்சி இத்தனை வருசமா..."

அணைந்தது.

"நான் மட்டும் இதைப் பேப்பர்காரன்கிட்ட குடுத்தேன்னா..."

அணைந்தது.

"இதுவுமா? இது நியாயமான மிரட்டல் டீச்சரம்மா!"

விளக்கு எரிந்தது. டீச்சரின் விரல் சுவிட்சின் மேலேயே இருந்தது.

பவுன்ராஜ் வியர்த்தான். கழுத்தைத் துடைத்தான். பிலிமைப் பார்த்துச் சொன்னான்.

"இது மூடின கதவுக்கு வெளியில எடுத்தது."

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"அப்புறம்?" என்றான்.

"இந்த விளக்குப் பெட்டியை எனக்கு வித்தீங்களே, அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"விலை சொன்னேன்."

"அப்புறம்?"

"வாயை மூடிக்கிட்டேன்."

"ஏன்?"

"விலை சொன்னப்புறம் எவன் முதல்ல வாயைத் திறக்கிறானோ அவன்தான் இறங்கணும். சந்தையில கால் வைக்கிறப்பவே அதைக் கத்துக்கிட்டேன். நானும் நீங்களும் உக்காந்து ஃபேன் சத்தத்தையே கேட்டுட்டு இருந்தோம், ஞாபகம் இருக்கா?"

"யார் முதல்ல வாயைத் திறந்தது?"

"நீங்க."

"தெரிஞ்ச வேலையை விட்டுட்டு எதுக்குத் தெரியாத வேலைக்குப் போறீங்க?"

பவுன்ராஜ் பிலிமை உருவிக்கொண்டு ஓடினான். கதவைச் சாத்த மறந்துவிட்டான்.

*

மேனேஜர் கோதண்டம் அவனைப் பார்த்ததுமே மணியை அடித்தான். வாட்ச்மேன் வந்து பவுன்ராஜின் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

மேஜையின் மறுபக்கம் தவமணி நின்றாள். அவளுக்கு முன்னால் கையெழுத்தில்லாத தாள். தாளின்மேல் பேனா.

"வந்துட்டாரா அண்ணன்?" என்றான் மேனேஜர். "இன்னைக்கு என்ன பாட்டு? சட்டையா, பொண்டாட்டியா?"

பவுன்ராஜின் காது சிவந்தது.

"என்னய்யா, நாக்கு ஒட்டிக்கிச்சா? இவ்வளவு ரோசம் இருக்கிறவன் தங்கச்சியை வேலைக்கு அனுப்பாம உக்கார வச்சுச் சோறு போட வேண்டியதுதானே?"

சூடு கழுத்தில் இறங்கியது. முதுகில் இறங்கியது. சட்டை நனைந்தது. உள்ளங்கால்வரை போயிற்று. போகட்டும் என்று விட்டான்.

தவமணி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தப்போகிறான் என்று அவள் தோள் முன்கூட்டியே குறுகியிருந்தது.

பவுன்ராஜ் நடந்துபோய் மேனேஜருக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பிலிமை வைத்து அழுத்தினான். இடது கையால். வெயில் பின்னாலிருந்து வந்தது.

"என்ன இது?"

"மூடின கதவுக்கு வெளியில எடுத்தது."

"எந்தக் கதவு?" என்று கேட்டபடியே மேனேஜர் குனிந்தான். ஆணிகளைப் பார்த்தான். ஒன்றன்கீழ் ஒன்றாக, அந்தக் கதவில் இருக்கிற வரிசையிலேயே. சாவியைப் பார்த்தான். மேனேஜரும் ஆஸ்பத்திரியில் நரைத்தவன். பிலிமில் எதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் அவனுக்குச் சொல்லத் தேவையில்லை.

கையைப் பார்த்தான். மோதிரத்தைப் பார்த்தான். கோணல் சுண்டுவிரலைப் பார்த்தான். பிலிமை அழுத்திக்கொண்டிருந்த கையை நிமிர்ந்து பார்த்தான். அதே மோதிரம். அதே கோணல்.

"இது... இது யார் கை?"

"நேத்து மட்டும் என் கை."

சொல்லிவிட்டு பவுன்ராஜ் வாயை மூடிக்கொண்டான்.

மேனேஜர் தவமணியைப் பார்த்தான். அவள் இடது கை தாளின் ஓரத்தில் இருந்தது. அவன் பார்க்கிறான் என்று தெரிந்தும் அவள் அதை எடுக்கவில்லை.

ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வராந்தாவில் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். பவுன்ராஜுக்குச் சொல்ல நூறு விஷயம் இருந்தது. ஒவ்வொன்றும் நாக்குவரை வந்து திரும்பிப் போயிற்று.

"சார்" என்றான் வாட்ச்மேன். "வெளியில தள்ளவா?"

மேனேஜர் வாயைத் திறந்தான்.

"எக்ஸ்ரே ரூமைப் பூட்டு."